ஆணையும் அடுப்படியும்: ரஷ்யப் பண்டிகை நாட்காட்டி கடந்துவந்த வழி

1947 டிசம்பர் 23 அன்று சோவியத் ஒன்றியத்தின் உச்ச சோவியத் தலைமைக் குழு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி ஜனவரி 1 இனி விடுமுறை நாள். மே 9 இனி வேலை நாள். போர் முடிந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2 கோடியே 70 லட்சம் உயிர்களைக் கொடுத்துப் பெற்ற வெற்றிக்கான நாளை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் புத்தாண்டைக் கொடுத்தது அரசு. அந்தப் புத்தாண்டு மரமோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

ரஷ்யர்களின் பண்டிகைகளைப் பற்றி மலர்களில் எழுதுவோர் பனியில் தொடங்கி, அப்பத்தையும் வண்ண முட்டையையும் தொட்டு முடிப்பது வழக்கம். அவையும் வரட்டும். ஆனால் எனக்கு அந்த நாட்காட்டியே வியப்புக்குரியதாகப் படுகிறது. முந்நூறு ஆண்டுகளில் பேரரசர்கள், திருச்சபை, கட்சி, நாடாளுமன்றம் என்று எல்லோரும் அதில் கைவைத்திருக்கிறார்கள். நாள்களைச் சேர்த்தார்கள், நீக்கினார்கள், பெயர் மாற்றினார்கள். எது தங்கும் எது உதிரும் என்பதை மட்டும் கடைசியில் வீடுகளே தீர்மானித்தன. இந்தக் கட்டுரை அந்த வரலாற்றைச் சொல்லும் முயற்சி.

முதல் கை பேதுரு மன்னருடையது. அவருக்கு முன் ரஷ்யாவில் ஆண்டு செப்டம்பர் 1-இல் பிறந்தது. உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணினார்கள். அந்தக் கணக்கின்படி 7208-ஆம் ஆண்டு நடந்துகொண்டிருந்தபோது, அடுத்து வரும் ஜனவரி முதல் நாளை 1700-இன் தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். எப்படிக் கொண்டாடுவது என்பதையும் அவரே வகுத்தார். பெரிய தெருக்களில் உள்ள வீடுகளின் வாசலில் பைன், ஜூனிப்பர் முதலிய ஊசியிலை மரங்களின் கிளைகளைக் கட்ட வேண்டும். வெடி வெடிக்க வேண்டும். இரவில் நெருப்பு மூட்ட வேண்டும். ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்ல வேண்டும். மகிழ்ச்சியைக்கூட அரசாணையாக எழுதிய அந்த வழக்கம் ரஷ்யாவில் பிறகு நெடுங்காலம் தொடர்ந்தது.

அலங்கரித்த மரத்தை வீட்டுக்குள் நிறுத்தும் பழக்கம் ஜெர்மானியக் குடும்பங்கள் வழியாக வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பீட்டர்ஸ்பர்க் நகரத்தாரிடம் பரவியது. ‘யோல்கா’ என்று அழைக்கப்பட்ட அந்த மரம் அப்போது கிறிஸ்துமஸுக்கு உரியது. குழந்தைகளுக்காக வைப்பார்கள், கிளைகளில் பண்டங்களும் பொம்மைகளும் தொங்கும். புரட்சிக்குப் பின் அந்த உறவே அதற்கு வினையாயிற்று.

1920-களின் இறுதியில் மதத்துக்கு எதிரான இயக்கம் தீவிரமடைந்தபோது யோல்காவும் பூசாரித்தனத்தின் மிச்சமாகக் கருதப்பட்டது. 1929 இலையுதிர் காலத்தில் அரசு இன்னும் பெரிய காரியம் ஒன்றைச் செய்தது. ஏழு நாள் வாரத்தையே கலைத்து, ‘இடைவிடா வேலை வாரம்’ என்ற ஐந்து நாள் சுற்றைக் கொண்டுவந்தது. தொழிலாளர்களை ஐந்து பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். மஞ்சள் பிரிவுக்கு இன்று ஓய்வு என்றால் பச்சைப் பிரிவுக்கு வேறொரு நாள். இயந்திரங்கள் ஒருநாளும் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு வேறு நிறம் என்றால் இருவரும் சேர்ந்து வீட்டிலிருக்கும் நாளே இல்லை. ஈஸ்டர் எப்போதும் ஞாயிற்றுக்கிழமையில் வரும். அந்த ஞாயிறே பொது ஓய்வு நாளாக இல்லாமல் போயிற்று. எல்லோருக்கும் பொதுவாக ஆண்டில் எஞ்சியவை ஐந்தே விடுமுறைகள்: ஜனவரி 22, மே மாதத்தில் முதல் இரண்டு நாள்கள், நவம்பர் 7, 8. ஐந்து நாள் வாரம் 1931-இல் ஆறு நாள் வாரமாக மாறியது. 1940-இன் நடுவில்தான் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பின. ஒரு பெரிய நாடு பதினொரு ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லாமல் வாழ்ந்தது என்பதை இன்று நினைத்துப் பார்ப்பதே கடினம்.

இதற்கு நடுவில்தான் யோல்கா மீண்டது. 1935 டிசம்பர் 28-ஆம் தேதி ‘பிராவ்தா’ நாளேட்டில் பாவெல் போஸ்திஷெவ் எழுதிய சிறு கடிதம் வெளிவந்தது. அவர் உக்ரேனியக் கட்சித் தலைமையில் இருந்தவர். பழைய காலத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மரம் இருந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்று ஏக்கத்தோடு பார்த்தார்கள். இப்போது அவர்களுக்கும் அந்த மகிழ்ச்சியை ஏன் கொடுக்கக் கூடாது? இதுதான் அவர் கேள்வியின் சாரம். புத்தாண்டுக்கு நான்கே நாள்கள் மீதமிருந்தன. அதற்குள் பள்ளிகளிலும் முன்னோடிச் சிறுவர் மாளிகைகளிலும் மரங்கள் எழுந்தன. ஆண்டுக்கணக்கில் தடைசெய்த ஒன்றை நான்கு நாள்களில் நாடெங்கும் நிறுத்த முடிந்ததென்றால், வீடுகள் அதை மறக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மரத்தின் உச்சியில் பெத்லகேம் விண்மீன் இருந்த இடத்தில் ஐந்து முனைச் செந்நட்சத்திரம் ஏறியது. கிறிஸ்துமஸ் மரம் புத்தாண்டு மரமாயிற்று. அந்தக் கடிதத்தை எழுதிய போஸ்திஷெவ் 1938-இல் கைது செய்யப்பட்டு, 1939 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ரஷ்யக் குழந்தைகளின் மிகப் பெரிய விழாவுக்குக் காரணமான பெயர்களில் அவருடையதும் ஒன்று. இந்த மலரில் அது பதிவாகட்டும்.

1937-இன் தொடக்கத்தில் மாஸ்கோ தொழிற்சங்க மாளிகையின் தூண் மண்டபத்தில் நடந்த யோல்கா விழா பிற்கால விழாக்களுக்கு இலக்கணம் வகுத்தது. உறைபனித் தாத்தா தேத் மரோஸ், அவருடைய பேத்தி ஸ்னெகூரச்கா என்ற இணை அப்போதுதான் நிலைபெற்றது. ஸ்னெகூரச்கா எங்கிருந்து வந்தாள் என்பது சுவையான செய்தி. நாட்டுப்புறக் கதைகளில் அவள் பனியில் வனைந்த சிறுமி. 1873-இல் அலெக்ஸாந்தர் ஒஸ்திரோவ்ஸ்கி எழுதிய நாடகத்தில் உறைபனிக்கும் வசந்தத்துக்கும் பிறந்த மகள். காதல் உள்ளே நுழைந்ததும் உருகிப் போகிறவள். ரீம்ஸ்கி-கோர்சகவ் அதை இசைநாடகமாக்கினார். அந்தத் துயர நாயகியைச் சோவியத் காலம் தாத்தாவின் பேத்தியாக்கி, குழந்தைகள் கைகோத்துச் சுற்றும் வட்டத்தின் நடுவில் நிறுத்தியது. இப்போது அவள் உருகுவதில்லை.

முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடின் யோல்காவைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவு பெறாது. 1941 நவம்பர், டிசம்பரில் அங்கே குழந்தைகளுக்கும் உழைக்க இயலாதவர்களுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான். டிசம்பர் 25-இல் அது 200 கிராமாக உயர்ந்தது. அடுத்த சில நாள்களில், 1942 ஜனவரியில், பள்ளிகளிலும் நாடக அரங்குகளிலும் குழந்தைகளுக்கு யோல்கா நடத்தினார்கள். குண்டு விழும் நகரத்தில், விளக்கும் வெப்பமும் இல்லாத கட்டடங்களில், மேலங்கியைக் கழற்றாமல் குழந்தைகள் நாடகம் பார்த்தார்கள். விழாவின் உண்மையான பரிசு அன்று கிடைத்த சாப்பாடு. அதில் ஒரு பங்கை வீட்டிலிருக்கும் தாய்க்கென்று எடுத்துப் பொதிந்துகொண்ட பிள்ளைகள் பலர். அந்த விழாவை நடத்தியே தீரவேண்டும் என்று முடிவெடுத்தவர்களை எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

1948 முதல் ஜனவரி 1 விடுமுறை ஆனதும் புத்தாண்டு குடும்ப விழாவாக வேரூன்றியது. மத அடையாளம் இல்லை, ஊர்வலம் இல்லை, முழக்க அட்டை தூக்க வேண்டியதில்லை. அரசு விழாக்கள் தெருவில் நடந்தன. இதுவோ சமையலறை மேசையில் நடந்தது. ரஷ்யர்கள் இதை எல்லாப் பண்டிகைக்கும் மேலாக வைத்ததற்கு அதுவே காரணம் என்பது என் துணிபு.

அந்த மேசையின் அரசி ஒலிவியே சாலட். 1860-களில் மாஸ்கோவின் ‘எர்மிதாஷ்’ உணவகத்தில் லூசியன் ஒலிவியே என்ற சமையற்கலைஞர் பறவை இறைச்சியும் விலையுயர்ந்த பொருள்களும் சேர்த்து உருவாக்கிய பண்டம் அது. சோவியத் அடுப்படியில் அது உருளைக்கிழங்கு, முட்டை, ஊறுகாய் வெள்ளரி, வேகவைத்த சாசேஜ், டப்பாப் பட்டாணி, மயோனீஸ் என்று மாறி, எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. பட்டாணி டப்பாவும் மயோனீஸும் கடையில் எளிதாகக் கிடைக்காத காலத்தில், கண்ணில் பட்டபோதே வாங்கிப் புத்தாண்டுக்கென்று பத்திரப்படுத்துவார்கள். பீட்ரூட்டால் போர்த்திய ஹெர்ரிங் மீன், இறைச்சிச் சாறு உறைந்த ஹலதியெத்ஸ், ‘சோவியத் ஷாம்பெய்ன்’, அப்காசியாவிலிருந்தும் ஜார்ஜியாவிலிருந்தும் டிசம்பரில் வந்து சேரும் மாண்டரின் ஆரஞ்சு ஆகியவையும் உண்டு. மாண்டரின் தோலின் மணமும் ஊசியிலையின் மணமும் கலந்தால் ரஷ்யர் எவருக்கும் டிசம்பர் 31 நினைவுக்கு வந்துவிடும்.

1970 முதல் நாட்டின் தலைவர் தொலைக்காட்சியில் வாழ்த்துச் சொல்லும் வழக்கமும் ஏற்பட்டது. தொடங்கி வைத்தவர் பிரெஷ்னேவ். பிறகு கிரெம்லின் மணிகள் பன்னிரண்டு அடிக்கும். அந்தச் சில நொடிகளுக்குள் விருப்பத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி, எரித்து, சாம்பலைக் கோப்பையில் போட்டுக் குடித்துவிட வேண்டும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. நாட்டில் பதினொரு நேர மண்டலங்கள் இருப்பதால், கம்சாத்காவில் புத்தாண்டு பிறந்து பத்து மணி நேரம் கழித்துத்தான் கலீனின்கிராடில் பிறக்கும். 1976-இன் முதல் நாளில் எல்தார் ரியாசானவ் இயக்கிய ‘விதியின் விளையாட்டு’ தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பானது. மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் ஒரே பெயருள்ள தெரு, ஒரே மாதிரி அடுக்ககம், ஒரே சாவி. அதனால் இடம் மாறிப் போகும் ஒருவனின் கதை அது. அன்று முதல் ஒவ்வொரு டிசம்பர் இறுதியிலும் வீடுகளில் அது ஓடுகிறது.

இனி புத்தாண்டுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளப்பட்ட நாளுக்கு வருவோம். மே 9 வேலை நாளாக இருந்த காலத்திலும் மாலையில் வாணவேடிக்கை நடந்தது. மற்றபடி வெற்றி நாள் வீட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டது. கணவனை இழந்தவளும் காலை இழந்தவனும் அண்டை வீட்டாரோடு அமர்ந்து, இறந்தவர்களுக்கான கோப்பையை மோதாமல் குடித்தார்கள். பதினேழு ஆண்டுகள் அரசு விடுமுறை தராமலேயே அந்த நாள் வாழ்ந்தது. 1965 ஏப்ரலில், வெற்றியின் இருபதாம் ஆண்டில், மே 9 மீண்டும் விடுமுறையானது. அவ்வாண்டு செஞ்சதுக்கத்தில் அணிவகுப்பும் நடந்தது. தொலைக்காட்சியில் ஒரு நிமிட மௌன அஞ்சலி தொடங்கியதும் அவ்வாண்டுதான். 1967-இல் கிரெம்லின் மதிலோரம் பெயர் அறியாப் போர்வீரன் கல்லறை திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் அணிவகுப்பு என்பது 1995-க்குப் பிறகு வந்த வழக்கம். சோவியத் காலத்தில் மே 9 அன்று 1965, 1985, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டுமே அது நடந்தது. ஆனால் மக்களின் விழா வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது. மாஸ்கோவில் பல்ஷோய் அரங்கின் முன்னால் உள்ள சதுக்கத்தில் பழைய வீரர்கள் பதக்கங்களோடு கூடுவார்கள். தங்கள் படைப்பிரிவின் எண்ணை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு, உடனிருந்தவர் எவரேனும் உயிரோடு வருகிறாரா என்று தேடுவார்கள். ஆண்டுக்காண்டு கூட்டம் குறைந்தது. அவர்கள் அருகிப்போன காலத்தில், 2012-இல், தோம்ஸ்க் நகரத்துப் பத்திரிகையாளர்கள் சிலர் ‘அழியாப் படையணி’யைத் தொடங்கினார்கள். போரிட்ட தாத்தா, பாட்டியின் படத்தைப் பேரப்பிள்ளைகள் ஏந்தி நடக்கும் ஊர்வலம் அது. அரசு வகுக்காத அந்தச் சடங்கு மூன்றே ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. பரவியதும் அரசும் அதில் இணைந்துகொண்டது. 2023-இல் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஊர்வலம் நிறுத்தப்பட்டது. ஒரே போரில் தோளோடு தோள் நின்ற மக்களுக்கு அந்த நாளும் பொதுவாக இல்லாமல் போயிற்று. உக்ரேன் அதே 2023-இல் போர் நினைவை மே 8-க்கும், கிறிஸ்துமஸை டிசம்பர் 25-க்கும் சட்டம் இயற்றி மாற்றிக்கொண்டது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

கிறிஸ்துமஸ் ஏன் ரஷ்யாவில் ஜனவரி 7-இல் வருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேதுரு ஆண்டுக்கணக்கை மாற்றினாரே தவிர, ஜூலியன் நாட்காட்டியை மாற்றவில்லை. 1918-இல் லெனினுடைய அரசு கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. அவ்வாண்டு ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. இடைப்பட்ட பதின்மூன்று நாள்களைத் திருச்சபை விட்டுக்கொடுக்கவில்லை. அதன் டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7 ஆகிறது. இதனால் ரஷ்யர்களுக்கு ஜனவரி 13 இரவு ‘பழைய புத்தாண்டு’ என்று இன்னொரு புத்தாண்டும் உண்டு. எந்த ஆணையும் அதை அங்கீகரித்ததில்லை. மிஞ்சிய சாலட்டோடு மறுபடி மேசை போட அது போதும். கிறிஸ்துமஸ் அரசு விடுமுறையாகத் திரும்பியது 1991-இல். ஜனவரி 19-இல் திருமுழுக்கு விழா. உறைந்த ஆற்றில் சிலுவை வடிவில் பனிக்கட்டியை வெட்டி, அந்த நீரில் மூன்று முறை மூழ்கி எழுவார்கள்.

எந்த ஆணைக்கும் கட்டுப்படாமல் பிழைத்த பண்டிகை என்றால் மாஸ்லெனித்சாதான். ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு தொடங்குவதற்கு முன்வரும் வாரம் அது. இறைச்சி விலக்கப்பட்டுவிடும், பாலும் வெண்ணெயும் முட்டையும் மீனும் இன்னும் உண்டு. வாரம் முழுவதும் பிளினி எனும் மெல்லிய அப்பம் சுட்டு, வெண்ணெயோ புளித்த பாலேடோ மீன் முட்டையோ வைத்து உண்பார்கள். நாளுக்கொரு பெயர், நாளுக்கொரு உறவு. புதன்கிழமை மாமியார் மருமகனை அழைத்து அப்பம் படைக்கிறாள். நம் தலைதீபாவளி விருந்தை நினைவூட்டும் உபசாரம். வெள்ளிக்கிழமை மருமகன் மாமியாரைத் தன் வீட்டுக்கு அழைத்துக் கடனைத் தீர்க்கிறான். சனிக்கிழமை புதுமருமகள் நாத்தனார்களை அழைத்துப் பரிசு தருகிறாள். ஞாயிறு மன்னிப்பு நாள். பெரியவர் சிறியவர் என்று பாராமல் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள். கடவுள் மன்னிப்பார் என்று மறுமொழி வரும். அன்றுதான் வைக்கோல் பொம்மையை எரித்துக் குளிர்காலத்தை வழியனுப்புவார்கள். பண்டைய ஸ்லாவியச் சடங்கும் திருச்சபை நோன்பும் இப்படி ஒரே வாரத்தில் பொருந்தியிருக்கின்றன. ஓவியர் பரீஸ் குஸ்தோதியெவ், நோயால் நடமாட முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தபோது, 1916-இல் மாஸ்லெனித்சாவை நிறம் கொப்பளிக்கத் தீட்டினார். சோவியத் காலம் இந்தப் பண்டிகையை ‘ரஷ்யக் குளிர்காலத்துக்கு விடைகொடுத்தல்’ என்று பெயர் மாற்றிப் பூங்காக்களில் நடத்தியது. பெயர் மாறினாலும் அப்பம் மாறவில்லை.

ஈஸ்டர் இன்னும் கடினமான காலத்தைக் கடந்தது. திருச்சபைக்கு இதுவே பண்டிகைகளுக்கெல்லாம் தலையாயது. உலர்திராட்சை சேர்த்து உயரமாகச் சுட்ட குலிச் ரொட்டி, பாலாடைக் கட்டியைக் கூம்பாக அழுத்திச் செய்த பாஸ்கா, வெங்காயத் தோலில் வேகவைத்துச் செம்பழுப்பேறிய முட்டை, மூன்று முத்தங்களோடு சொல்லும் உயிர்ப்பு வாழ்த்து என்று அதன் அங்கங்கள் பல. சோவியத் ஆண்டுகளில் ஈஸ்டர் இரவில் கோயில்களைச் சுற்றித் தன்னார்வக் காவலர்கள் நின்று இளைஞர்களைத் திருப்பியனுப்புவார்கள். அந்த இரவில் தொலைக்காட்சியில் வழக்கத்தில் இல்லாத வெளிநாட்டு இசை நிகழ்ச்சி வரும். பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும் என்ற கணக்கு. ஆனால் அதே வாரத்தில் அரசு ரொட்டிக்கடைகளில் ‘வசந்த கேக்’ விற்பனைக்கு வரும். வாங்கும் ஒவ்வொருவருக்கும் அது குலிச் என்று தெரியும், சுட்டவருக்கும் தெரியும். கோயில்கள் மூடிக்கிடந்த ஊர்களில் மக்கள் ஈஸ்டர் ஞாயிறன்று கல்லறைகளுக்குப் போனார்கள். திருச்சபை முறைப்படி முன்னோரைக் காணும் நாள் ஒன்பது நாள் கழித்து வரும் ராதொனித்சா. கோயிலில் செய்ய முடியாத வழிபாட்டைப் பெற்றோரின் கல்லறையருகே ஒரு முட்டையை உரித்து நிறைவேற்றிய அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை.

மகளிர் நாளான மார்ச் 8-க்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1917-இல் இதே நாளில் பெத்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஒரு வாரத்துக்குள் ஜார் ஆட்சி வீழ்ந்தது. புதுச்சேரியிலிருந்த பாரதி அந்த வீழ்ச்சியைத்தான் ‘புதிய ருஷ்யா’வில் பாடினார். மார்ச் 8 விடுமுறையாக அறிவிக்கப்பட்டதும் 1965-இல்தான். போராட்ட நாள் மெல்ல மலர்களின் நாளாகிவிட்டது. கருங்கடற்கரையிலிருந்து வரும் மஞ்சள் மிமோசாவும் துலிப்பும் அன்று ஆண்கள் கைகளில் இருக்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் கொடுக்க வேண்டும், இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. செஞ்சேனையின் நாளான பிப்ரவரி 23, 2002 முதல் விடுமுறை. மே தினம் 1992-இல் ‘வசந்தமும் உழைப்பும்’ என்று பெயர் பெற்றது. சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றிய அதே மே தினம், ரஷ்யர்களுக்கு இன்று பெரும்பாலும் தாச்சா எனும் ஊர்ப்புற வீட்டில் உருளைக்கிழங்கு நடும் நாள்.

வீடுகளில் தங்காத அரசு நாள்களுக்கு எடுத்துக்காட்டாக அரசமைப்பு நாளின் கதையைச் சொன்னால் போதும். 1936-க்குப் பின் டிசம்பர் 5, 1977-க்குப் பின் அக்டோபர் 7, 1993-க்குப் பின் டிசம்பர் 12. மூன்று அரசமைப்புகள், மூன்று தேதிகள். எந்த வீட்டிலும் அதற்கென்று ஒரு பண்டம் சுட்டதில்லை. 2005-இல் அது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியது. அவ்வாண்டே புரட்சி நாளான நவம்பர் 7-உம் நீங்கி, நவம்பர் 4 மக்கள் ஒற்றுமை நாளாக வந்தது. 1612-இல் மினின், பஜார்ஸ்கி தலைமையில் திரண்ட படை மாஸ்கோவைப் போலந்துப் படையிடமிருந்து மீட்டதன் நினைவு அது. அதே நாள் கசான் அன்னையின் திருவுருவ விழாவும் ஆதலால் கோயில் செல்வோருக்குப் பழகிய நாள். மற்றவர்கள் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்கள். 1990-இன் இறையாண்மைப் பிரகடனத்தைக் குறிக்கும் ஜூன் 12, 2002-இல் ‘ரஷ்யா தினம்’ என்ற பெயரைப் பெற்றது. இவற்றைவிட, விடுமுறையே இல்லாத ஜனவரி 25 எனக்கு உயிருள்ளதாகத் தெரிகிறது. 1755-இல் எலிசவேத்தா பேரரசி மாஸ்கோ பல்கலைக்கழக ஆணையில் கையொப்பமிட்ட நாள் புனித தத்யானாவின் திருநாளாக அமைந்தது. அதனால் அந்தப் புனிதை மாணவர்களின் காவல் தெய்வமாகிவிட்டாள்.

ரஷ்யாவில் வாழ்வோர் எல்லோரும் ரஷ்ய இனத்தவர் அல்லர் என்பதையும் நாட்காட்டி காட்டுகிறது. தாதர்ஸ்தானிலும் பஷ்கொர்தொஸ்தானிலும் இஸ்லாமியரின் இரு பெருநாள்களுக்கும் விடுமுறை உண்டு. விதைப்பு முடிந்ததும் மல்யுத்தமும் குதிரைப் பந்தயமும் உயரக் கம்பம் ஏறுதலுமாகச் சபந்துய் நடக்கும். புரியாத்தியாவில் பௌத்தப் புத்தாண்டு சகால்கான். யாகுத்தியாவில் கோடைச் சூரியனை வரவேற்கும் இசியாஹ். அங்கே பெண்குதிரைப் பாலைப் புளிக்கவைத்த குமிஸ் முதலில் நிலத்துக்கும் நெருப்புக்கும் படைக்கப்படுகிறது.

இப்போதைய தொழிலாளர் சட்டத்தின் 112-ஆம் பிரிவு ஜனவரி 1 முதல் 8 வரை விடுமுறை தருகிறது. ஜனவரி 7 கிறிஸ்துமஸ் என்று தனியே குறிக்கிறது. 2100 ஜூலியன் கணக்கில் மிகுநாள் ஆண்டு, கிரெகோரியன் கணக்கில் அல்ல. அப்போது இடைவெளி பதின்மூன்றிலிருந்து பதினான்கு நாளாகும். திருச்சபை தன் கணக்கை மாற்றாவிட்டால், 2101 முதல் ரஷ்யக் கிறிஸ்துமஸ் ஜனவரி 8-இல் வரும். சட்டத்தில் ஓர் எண்ணைத் திருத்த வேண்டியிருக்கும்; அந்த நாள் ஏற்கெனவே விடுமுறைதான்.